கம்பி பிடிக்க ஒரு கை

மாதா துணை

திண்டுக்கல்,
டிசம்பர் 14, ஞாயிறு.

அன்புள்ள செல்விக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ அயர்லாந்தில் சுகமாக இருப்பதை அம்மாவின் போனில் சொன்னாயாம், அம்மா சொல்லித் தெரிந்துகொண்டேன். என் போன் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது.

பேசினால் கோபத்தில் பாதியில் வெட்டிவிடுகிறேன், போன ஞாயிறு வெட்டியது போல. எழுதினால் நிதானம் வரும் என்று அம்மா சொன்னதால் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். நிதானம் வருகிறதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தப் போட்டோ. விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். பேஸ் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரிக்கிறாய். பக்கத்தில் சட்டைப் பையில் ஸ்க்ரூடிரைவருடன் உங்கள் ஆஸ்பத்திரியில் மிஷின் பழுது பார்க்கும் டெக்லன். அவருக்குக் கழுத்துக்குக் கீழேதான் தெரிகிறது, தலை வெட்டுப்பட்டுவிட்டது. ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறார். கிட்டாரின் வயிற்றில் பளபளவென்று புது பிக்கப். பின்னால் மேசையில், நான் கம்பி சுற்றிக் கொடுத்த பழைய பிக்கப். அதன் மேல் ஒரு காபி கப்.

செல்வி, அது காபி கப் வைக்கிற பொருளா?

நீ எழுதியிருந்தது ஒரே வரி. டெக்லன் புதுசு மாட்டித் தந்தார், சவுண்ட் நல்லா இருக்கு. அப்படியானால் இத்தனை வருடமாக நம் கோயில் மாடியில் நின்று நீ வாசித்தபோது சவுண்ட் நல்லா இல்லையா?

அது எப்படி உருவானது என்று அவரிடம் சொன்னாயா? எங்கள் மோட்டார் வைண்டிங் கடைக்கு போர்வெல் மோட்டார் வரும், மிக்சி வரும், மாவு மில் மோட்டார் வரும். கிட்டார் வந்தது அன்றைக்குத்தான். புதுசுதான் மாட்டணும் என்று மதுரைக் கடையில் சொல்லிவிட்டார்களாம், அதற்கு வழியில்லாமல் நீ நம் கடைப் படியேறினாய். "கம்பி அதிர்றத இதுதான் பிடிச்சு ஸ்பீக்கருக்கு அனுப்புது. இது செத்துப்போனா நான் ஊமைங்க" என்றாய். பிரித்துப் பார்த்தால் உள்ளே காந்தமும் அதைச் சுற்றிக் கம்பிக் காயிலும். இம்புட்டுத்தானா என்று சிரித்தேன். சுற்ற ஆரம்பித்ததும் சிரிப்பு போய்விட்டது. தலைமுடியைவிடச் சன்னமான கம்பி. மோட்டார் கம்பி சுற்றிய கைக்கு அது நிற்கவே இல்லை, அறுந்துகொண்டே இருந்தது.

நீதான் "நான் பிடிக்கிறேன்" என்றாய். துண்டுத் துணியை மடித்து, அதற்கு நடுவில் கம்பியை விட்டு, இரண்டு விரலால் பிடித்தாய். இறுக்கினால் அறும், விட்டால் தொளதொளக்கும். நான் மெஷினின் கைப்பிடியைச் சுற்றச் சுற்ற உன் விரல் எனக்கு வழிவிட்டு வந்தது. காலையில் வாங்க போங்க என்று ஆரம்பித்தோம். பொழுது சாயும்போது வா, போ என்று ஆகியிருந்தது. அதற்குப் பிறகுதான் உன் அப்பாவைப் பார்க்க அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஊரில் எல்லாருக்கும் கல்யாணத் தரகர் இருப்பார், நமக்கு அந்தக் காயில். எங்கள் கடை வழக்கப்படி அதை வார்னிஷில் முக்கி, மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். அடுத்த ஞாயிறு உன் பேஸ் கேட்டு ஃபாதரே திரும்பிப் பார்த்தார்.

உன் விரல் குட்டை என்று கம்பியின் உயரத்தை இறக்கிக் கொடுத்தது யார்? தோளில் மாட்டினால் தலைப்பக்கம் சாய்கிறது என்று வார் மாட்டும் ஆணியை இடம் மாற்றியது யார்? பழைய மோட்டாரின் டெர்மினல் பலகையை அறுத்து, ராவி, நீ கட்டைவிரல் வைக்க ஒரு கட்டை செய்து கொடுத்தேனே, அது போட்டோவில் இன்னும் இருக்கிறது. பார்த்தேன். அதையும் கழற்றச் சொல்லவில்லையா அவர்?

உன் கையில் நீலக் கையுறை. அதுவும் அவர் கொடுத்தது என்று அம்மாவிடம் சொன்னாயாம். அவருக்கு என்ன வயது என்று நான் கேட்கவில்லை. நீயும் சொல்லவில்லை.

இங்கேயும் செய்தி உண்டு. நம் பாடற்குழுவில் நீ நின்ற இடத்தில் இப்போது நான்சி நிற்கிறாள். காலேஜ் பிள்ளை, கெட்டிக்காரி. மதுரையில் பழைய பேஸ் ஒன்று விலைக்கு வந்தது, நான்தான் கூடப் போய்ப் பார்த்து வாங்கிக் கொடுத்தேன். ஒற்றைக் கண்ணை மூடி அதன் கழுத்தை நீளவாக்கில் பார்த்தேன், வளைவு இல்லை. ஒவ்வொரு கட்டத்திலும் விரல் வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், இரைச்சல் இல்லை. கம்பிதான் அழுக்கேறி மந்தமாக இருந்தது. கழற்றி நம் சோற்றுப் பானையில் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டினேன். அம்மா என்னை வைத வசவு பழனி ரோடு வரை கேட்டிருக்கும். கம்பி கணீரென்று ஆகிவிட்டது.

"இதே போதும்ணே" என்றாள் நான்சி. நான் விடவில்லை. பிக்கப்பைக் கழற்றி உனக்குச் சுற்றியது போலவே சுற்றி, உனக்கு முக்கியது போலவே வார்னிஷில் முக்கி, நேற்றுத்தான் வெயிலில் வைத்தேன். மோட்டாருக்காக வந்த கன்னிவாடி கருப்பணன் அண்ணன் பார்த்துவிட்டு, "ஏலே ஆனந்து, அங்க என் கத்திரி வாடுது, நீ இங்க கிட்டாருக்குக் கம்பி சுத்திக்கிட்டு இருக்கியே" என்று கடையில் ஒரே சத்தம். கிறிஸ்துமஸ் முடிந்து கொடைக்கானலில் நம் பாடற்குழு நிகழ்ச்சி இருக்கிறது. அங்கே நான்சி வாசிக்கப்போவது என் பிக்கப்பில். உனக்குப் பொறாமையாக இருக்கிறதா? இருக்கட்டும். எனக்கு மட்டும் எதற்கு?

நீ அனுப்பிய விசா பேப்பர்கள் டிவி மேல் இருக்கின்றன. கையெழுத்துப் போடவில்லை. அங்கே வந்து நான் என்ன செய்ய? எதையாவது சரி செய்ய வேண்டுமென்றால்தான் டெக்லன் இருக்கிறாரே. உன் ஆஸ்பத்திரி கான்ட்ராக்ட் மார்ச்சோடு முடிகிறது. மேலே எழுதிக் கொடுத்து இருப்பதோ, ஊருக்குத் திரும்புவதோ உன் இஷ்டம். என்னைக் கேட்டுக் கேட்டு நீயும் சலித்திருப்பாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். மாதா உன்னோடு இருக்கட்டும், நான்தான் இல்லை.

இப்படிக்கு,
வைண்டிங் கடை ஆனந்த்ராஜ்.


மாதா துணை

திண்டுக்கல்,
டிசம்பர் 29, திங்கள்.

என் செல்விக்கு,

இந்தக் கடிதம், லீவில் ஊருக்கு வந்திருக்கும் உன் அறைத் தோழி பாஸிலா கையில் வருகிறது. நாளை மறுநாள் அவளுக்கு விமானம். நான் தபாலில் போட்ட கடிதம் கிறிஸ்துமஸ் நெரிசலில் எங்கே கிடக்கிறதோ, இதுதான் முந்தி வரும். அது வந்தால் பிரிக்காமல் ஒரு ஓரமாகப் போடு. நீ பிரிக்காமல் இருக்க மாட்டாய். பிரித்தால், கடைசி வரிகளை மட்டும் வாசிக்காதே.

கிறிஸ்துமஸ் அன்று போனில் வாழ்த்துச் சொன்னபோது என் குரல் சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னாயாம். சரியில்லைதான். இப்போது கேட்டால் இன்னும் சரியிருக்காது.

மறுநாள் கொடைக்கானல் போனோம். கொடைரோட்டைத் தாண்டும் வரை வேனுக்குள் புழுக்கம், மேலே ஏறியதும் பல் கிட்டித்தது. மாதா கோயில் வளாகத்தில் நிகழ்ச்சி. நான்சி ஜம்மென்று ஆரம்பித்தாள். நான் கீழே நின்று, போனில் ரெக்கார்ட் செய்து உனக்கு அனுப்ப வேண்டும், டெக்லனுக்கும் போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது பாட்டின் நடுவில் பேஸ் நின்றுவிட்டது. கம்பி அதிர்கிறது, சத்தம் இல்லை. அந்தப் பிள்ளை என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. ஓடிப்போய் வயரை மாற்றினேன், ஆம்ப்ளிஃபயரை மாற்றினேன். கடைசியில் மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. காயில் செத்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் வேறு வேலையே பார்க்காமல் பிரித்தேன். குளிரில் வார்னிஷ் இறுகிச் சுருங்கி, அடியில் இருந்த கம்பியைக் கூடவே இழுத்து அறுத்திருக்கிறது. மோட்டார் கம்பி முரடு, அந்த இறுக்கத்தைத் தாங்கும். இந்த மயிரிழை எப்படித் தாங்கும்? நான்சி போனில் தேடிப் பார்த்துவிட்டு, பயந்து பயந்துதான் சொன்னாள். "அண்ணே, ஊரு உலகத்துல எல்லாரும் மெழுகுலதான் முக்குறாங்க. மோட்டார் வார்னிஷ்ல யாருமே முக்கலண்ணே."

கையிலிருந்த காயிலைக் கீழே வைத்தேன். கொடைக்கானல் குளிருக்கே இந்தக் கதி என்றால் உன் ஊர்க் குளிருக்கு? பைக்கை எடுத்துக்கொண்டு நேரே பேகம்பூருக்கு, பாஸிலா வீட்டுக்குப் போனேன். உன்னோடு ஒரே அறையில் இருப்பவள், அவளுக்குத் தெரியாமலா இருக்கும்? பாஸிலா முதலில் டீ போட்டாள், பிரியாணி சாப்பிடச் சொன்னாள், பேச்சை மாற்றிப் பார்த்தாள். நான் அசையவில்லை. பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"நவம்பர்ல தமிழ்ப் பூசை அன்னைக்குத்தாண்ணே செத்துப்போச்சு. நான் அக்காகூடப் போயிருந்தேன். பாதிப் பாட்டுல சத்தம் நின்னுருச்சு. அக்கா நிறுத்தல. யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சும்மா கம்பியத் தட்டிக்கிட்டே நின்னாங்க, கண்ணு மட்டும் கலங்கிருச்சு. அங்க மைக்கு பாத்துக்கிட்டு இருந்த டெக்லன்தான் ஓடி வந்து, என்ன ஆச்சுன்னு கேட்டு, மீட்டர் வச்சுப் பாத்தாரு. உங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டாங்க. அவரு சுத்துனது அறுந்துபோச்சுன்னு தெரிஞ்சா மனுசனுக்குச் சோறு இறங்காதுன்னாங்க."

அந்தக் காபி கப்பைக் கேட்டேன். அது அவளுடையதாம். போட்டோ எடுக்கக் கை வேண்டும் என்று கிடைத்த இடத்தில் வைத்தாளாம், அதற்காக நீ ரெண்டு நாள் அவளோடு பேசவில்லையாம். டெக்லனின் தலையை வெட்டியதும் அவள்தான். வயதைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, "நேர்ல வந்து பாத்துக்கங்கண்ணே" என்றாள்.

செல்வி, என் பொறாமை போய்விட்டது என்று எழுத ஆசைதான். போகவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். புது பிக்கப் மேல் இப்போது கோபம் இல்லை. நீ அத்தனை பேர் நடுவில் ஊமையாக நின்ற அன்றைக்கு, ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டது அந்த மனிதர். மீட்டர் வைத்துப் பார்த்தது அவர் கை. உன் கண் கலங்கியதை அவர் பார்த்தார், பாஸிலா பார்த்தாள், நான் பார்க்கவில்லை. நான் இங்கே உட்கார்ந்து காபி கப்பைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமை இப்போது அதில்தான். அந்த மனிதருக்கு என் வணக்கத்தைச் சொல். ஒரு தரம் சொன்னால் போதும்.

எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய். இனிமேல் சொல்லாதே. சோறு இறங்காவிட்டால் கஞ்சி குடித்துக்கொள்கிறேன்.

நான்சியின் பிக்கப்பை மறுபடி சுற்றிவிட்டேன். "நான் கம்பி பிடிக்கட்டுமாண்ணே" என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு கட்டைக்கு நடுவே துணி வைத்துத் திருகி, அதற்குள் கம்பியை விட்டுத் தனியாகவே சுற்றினேன். முன்பு அவளுக்குச் சுற்றியதும் அப்படித் தனியாகத்தான், நீ பொறாமைப்படட்டும் என்று போன கடிதத்தில் வேண்டுமென்றே அதைச் சொல்லவில்லை. கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை ஃபாதரிடம் கேட்டு வாங்கி உருக்கி, அதில் முக்கினேன். நேற்றுப் பூசையில் நன்றாகவே வாசித்தாள். எல்லாரும் பாராட்டினார்கள். நான் பாட்டு முடியுமுன்பே கீழே இறங்கி வந்துவிட்டேன். கருப்பணன் அண்ணன் மோட்டாரையும் முடித்துக் கொடுத்தாயிற்று, கத்திரி பிழைத்தது.

விசா பேப்பர்களில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். நீயும் மார்ச்சுக்கு மேலே எழுதிக் கொடுத்துவிடு. அவையும் பாஸிலாவிடம் இருக்கின்றன. அம்மாதான் பேனாவை எடுத்து வந்து கையில் கொடுத்தார். "போடா, அவ அங்க ஒத்தையா கெடக்கா" என்றார். நான் கிளம்பியதும் கொஞ்ச நாளைக்கு அக்கா வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். கடையைத் தம்பி பிரபு பார்த்துக்கொள்வான்.

நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. அந்தப் பழைய பிக்கப்பைத் தூக்கிப் போட்டுவிடாதே. டெக்லன் சரி செய்து தருகிறேன் என்று கேட்டாலும் கொடுக்காதே. அவர் நல்லவராகவே இருக்கட்டும், கொடுக்காதே. அங்கே மெழுகு கிடைக்கும், கம்பி கிடைக்குமோ என்னவோ, ஒரு உருளை என் பெட்டியில் வைத்துவிட்டேன். வார்னிஷைக் கரைத்து, அறுந்ததை உருவிவிட்டு, முதலிலிருந்து சுற்றுவோம். கைப்பிடியை நான் சுற்றுவேன். கட்டையும் துணியும் கொண்டு வரப்போவதில்லை.

இத்துடன் ஒரு ஜோடிக் கம்பளிக் கையுறை இருக்கிறது. கொடைக்கானலில் ஏரிக் கரைக் கடையில் வாங்கியது. வலது கையில் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நுனியை வெட்டிவிட்டேன், அம்மா ஓரம் மடித்துத் தைத்தார். அந்த நீலக் கையுறை குளிருக்கு நன்றாக இருக்கலாம். ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கம்பி பிடிக்க முடியாது.

நான் வந்து சேரும் வரை மாதா உன் விரல்களைக் குளிர் அண்டாமல் காக்கட்டும்.

உன்,
ஆனந்த்.