காப்பீட்டுத் தாளின் ஏழாம் பக்கம்

அன்புள்ள தம்பி குமரேசா,

இரண்டு ஆண்டு உன்னோடு பேசாமல் இருந்துவிட்டு, நீ போன பிறகு 'அன்புள்ள' என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.

உன் விபத்துக் காப்பீட்டுப் பணத்தைத் தர முடியாது என்று எழுதிவிட்டார்கள். வங்கியில் உன்னிடம் கையெழுத்து வாங்கியவர், எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும்தான் சொல்லியிருப்பார். எதற்கெல்லாம் கிடைக்காது என்பது ஏழாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஆங்கிலத்தில் இருக்கிறது. நோயில் இறந்தால் கிடையாது. தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் கிடையாது. உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினால் கிடையாது. குடித்திருக்கும்போது அடிபட்டால் கிடையாது. உன்னை இந்தக் கடைசி வரியில் தள்ளிவிட்டார்கள்.

நம் இருவரில் ஆங்கிலம் படித்தவன் நான். அந்தத் தாளை என்னிடம் காட்டியிருக்கலாமே? எப்படிக் காட்டுவாய்? உன்னைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவன்தானே நான்.

மறுப்புக் கடிதத்தை உன் மனைவி மல்லிகாதான் கொண்டுவந்தாள். "இன்னா மாமா எழுதிகிறாங்க? தமிழ்ல சொல்லுங்க" என்றாள்.

"குடிச்சிருந்தான்னு ஆஸ்பத்திரி சீட்டுல இருக்குதாம்."

"எவன் மாமா சொன்னான்? அம்மன் கோயில்ல கயிறு கட்டி ஆறு மாசமாவுது. ஒரு சொட்டு தொட்டதில்ல. சொன்னவன் வாயி அழுகிப் பூடும்!"

'இறந்தவரின் அண்ணன் கூறியபடி' என்று அந்தக் கடிதத்தில் இருந்தது. அந்த வரியை மட்டும் நான் அவளுக்குத் தமிழில் சொல்லவில்லை.

அன்று ஜல்லி லாரி மோதி உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தபோது, மல்லிகா வந்து சேர்வதற்குள் நான் வந்துவிட்டேன். "ட்ரிங்க்ஸ் எடுத்திருந்தாரா?" என்று டாக்டர் கேட்டார். "அவன் என்னிக்கு சார் குடிக்காம இருந்தான்?" என்றேன். பக்கத்தில் நின்ற ஊழியர் சிரித்தார். டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார். ரத்தத்தைச் சோதிக்கவில்லை, வாயை முகர்ந்தும் பார்க்கவில்லை. உன் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு இருந்தது. நானும் பார்த்தேன். எதற்கு என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மா இறந்த அன்று, கொள்ளி வைக்க வேண்டிய இளையவன் நீ, சுடுகாட்டுக்குக் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு வந்தாய். ஊரே பார்த்தது. அந்தக் கோபம்தான் அன்று டாக்டரிடம் பேசியது. இப்போதும் அது போகவில்லை. உன்னை மன்னித்துவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் உன் மகள் நர்சிங் படிப்பை நிறுத்திவிட்டு வாலாஜாபாத் துணிக்கடைக்குப் போகிறாள். என் கோபத்துக்கு அவள் என்ன செய்தாள்?

தாலுகா அலுவலகத்தில் இருபது ஆண்டாக மற்றவர்களின் வாக்குமூலத்தை எழுதி வாங்குகிறேன். இன்று என்னுடையதை எழுதியிருக்கிறேன்: 'என் தம்பியை விபத்துக்கு முன் இரண்டு ஆண்டுகளாக நான் நெருங்கிப் பார்த்ததில்லை. அன்று அவன் குடித்திருந்தானா என்பது எனக்குத் தெரியாது. பகையில் சொன்னேன்.' காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் ஏற்பாரா, தெரியாது. அன்று ஒன்று, இன்று ஒன்று சொல்பவனை யார் நம்புவார்கள்?

நாளைக் காலை அதைத் தபாலில் சேர்ப்பதற்கு முன் உன் வீட்டுக்குப் போவேன். எவன் சொன்னான் என்று மல்லிகா கேட்டதற்குப் பதில் சொல்வேன். அவள் என்னைத் தெருவில் நிறுத்திக் கேட்கட்டும். கேட்டு முடிக்கும்வரை அங்கேயே நிற்பேன்.

உன் கூடப் பிறந்த
அண்ணன்