முள்வாங்கி வளையல்

என் அன்பு வள்ளிக்கண்ணு,

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். ஒன்றையும் கூட்டமாட்டேன், குறைக்கமாட்டேன். நம் வகுப்பின் கையெழுத்துப் பத்திரிகையில் இது வரும். எல்லாரும் படிப்பார்கள். படிக்கட்டும்.

அன்னவாசல் பாதையில் உன் வலது குதிகாலில் கருவேல முள் ஏறியபோது நான் மரத்தடியில் உட்கார்ந்து கதைப்புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தேன். "எடுத்து விடுடி மீனா" என்றாய். "இருடி, இந்தப் பக்கம் முடியட்டும்" என்றேன். பொறுக்கமாட்டாமல் நீயே பிடுங்கினாய். நுனி உள்ளே முறிந்து நின்றுவிட்டது. எட்டாம் நாள் ரணஜன்னி கண்டு உனக்கு வாய் பூட்டிக்கொண்டது. பத்தாம் நாள் நீ இல்லை. நான் உன்னைக் காக்கவைத்ததை இதுவரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

அதன்பிறகுதான் அந்த வளையலை நோட்டில் வரைந்தேன். நம் ஊர்ப் பெண்கள் வளையலில் ஊக்கைக் கோத்து வைப்பார்கள், ஆண்கள் அரைஞாணில் முள்வாங்கியைத் தொங்கவிடுவார்கள் அல்லவா? இரண்டையும் ஒன்றாக்கினேன். வளையலின் பூட்டைக் கழற்றினால் அந்தப் பூட்டே முள்வாங்கி. என் வெள்ளிக் கொலுசை உருக்கித்தான் செய்தது. முனைக்கு மட்டும் எஃகு.

செய்து தந்த ஆசாரி சிரித்தார். "ஏத்தா, இதை மாட்டிக்கிட்டு யாரு கால்ல விழப்போற?"

"முள்ளு தச்சவங்க கால்லதான், தாத்தா."

முதல் வாரமே ஏழெட்டுப் பேருக்கு எடுத்துவிட்டேன். "டாக்டரம்மா வர்றா, காலை நீட்டுங்கடி" என்று வகுப்பில் ஒரே கேலி.

நேற்று மத்தியானம் அத்தை, உன் அம்மா, வந்தார். நீ போனதிலிருந்து அவருக்கு வலது குதியில் முள் குத்துகிறதாம். "யாரு கண்ணுக்கும் தெரிய மாட்டேங்குது. நீ பாருத்தா."

வெயிலில் காலை நீட்டச் சொல்லிப் பார்த்தேன். தோலில் ஒரு புள்ளிகூட இல்லை. அவர் மனம் ஆறட்டும் என்று சும்மா முனையை வைத்தேன். அது எதையோ கவ்வியது. இழுத்தேன். கறுத்த முள்நுனி ஒன்று வந்தது, ஈரமாக. ரத்தம் இல்லை. துளையும் இல்லை.

அத்தை என்னை நேராகப் பார்த்து, "பக்கம் முடிஞ்சிருச்சாடி?" என்றார்.

அவர் என்னை 'டி' போட்டுக் கூப்பிட்டதே இல்லை, வள்ளி.

"என்ன கேட்டீங்க, அத்தை?" என்றேன்.

"நான் என்னத்தா கேட்டேன்? முள்ளு வந்துருச்சுல்ல, வாரேன்" என்று எழுந்தார். நொண்டாமல் நடந்து போனார்.

கேட்டது நீதானா? கோபத்தில் கேட்டாயா, சும்மா தெரிந்துகொள்ளத்தானா? அந்தக் குரலை வைத்து எனக்குப் பிடிபடவில்லை.

அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. பிறர் சொல்லி அவர் இதைக் கேட்கக்கூடாது. பத்திரிகை கைமாறும் முன்பு, நாளைக் காலையில் நானே உன் வீட்டுக்குப் போய் முழுவதையும் வாசித்துக் காட்டுவேன். அடித்தாலும் சரி, இனி இங்கிட்டு வராதே என்றாலும் சரி, நடுவில் நிறுத்தமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மாமன் மகள்,
மீனாள்

பின்குறிப்பு: பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதினேன்; இப்போது விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.