பின்கேட் கூண்டில் நாற்பத்தெட்டு டிகிரி

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே ஏதோ இருக்கிறோம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுச் சௌக்கியமாக இருந்தால் அதுவே போதும். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, பேச்சுதான் குறைந்துவிட்டது, தன் அண்ணனுடைய காக்கிச் சட்டையைத் துவைத்து மடித்துத் தன் புடவைகளோடு வைத்திருக்கிறாள். மாமா வெயில் தாங்காமல் இறந்துபோய்விட்டார் என்று உன்னிடமும் அவளிடமும் சொன்னேன், அது பாதிதான். மீதியை இதில் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனியில் இரும்புத் தகட்டுக்கு அடிக்க ஒரு வெள்ளைப் பூச்சு செய்திருக்கிறார்கள், சூட்டை உள்ளே விடாதாம். அது நிஜமா என்று பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது. முன்கேட்டிலும் பின்கேட்டிலும் காவலாளி உட்காரும் இரும்புக் கூண்டுகள் ஒரே அளவு என்பதால் முன்கேட்டுக்குப் பூச்சு அடித்தேன், பின்கேட்டை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டேன். பதினைந்து நாள், மணிக்கொரு தடவை இரண்டிலும் சூடு பார்த்து நோட்டில் எழுத வேண்டும். பின்கேட்டில்தான் மாமா என்று உனக்குத் தெரியும். "மாப்ளே, நான் இங்க வேகறேன், நீ வெந்துட்டேனான்னு வந்து வந்து பாக்கறே" என்று கேலி செய்வார். கதவைத் திறந்து வைத்தால் அளவு கெட்டுவிடும் என்று மூடச் சொன்னதும் நான்தான். ஒன்பதாம் நாள் தலை சுற்றுகிறது என்றார். இன்னும் ஆறே நாள், பொறுத்துக்கோங்க, அடுத்த பூச்சு உங்களுக்குத்தான் என்றேன். சரிப்பா, உன் வேலை கெட வேண்டாம் என்று கதவைச் சாத்திக்கொண்டார் பாவி மனிதர்.

பதினோராம் நாள் இரண்டு மணிக்குப் போனேன். நாற்காலியில் தலை தொங்கியிருந்தது, தூங்குகிறார் என்று நினைத்தேன். அளவைப் பார்த்து நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டு அப்புறம்தான் அவர் தோளைத் தொட்டேன். முதலில் எழுதினேன் குட்டி, அதுதான் என்னை அறுக்கிறது.

பூச்சு நல்ல பூச்சுதான், முன்கேட்டில் அதே நேரத்துக்கு ஒன்பது டிகிரி குறைவு. மேனேஜர் கைகொடுத்தார். நேற்று பின்கேட் கூண்டுக்கு நானே இரண்டு கை பூச்சு அடித்தேன். இன்று மத்தியானம் உள்ளே அவர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. நோட்டில் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவிடம் சொல்லப்போகிறேன். அன்று மறக்காமல் போன் பண்ணு. என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் பரவாயில்லை, அவளோடு பேசு. வெயிலில் அலையாதே, எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா