விட்டுவிட்டு நடந்த அப்பா

செவ்வாய், இரவு

இல்லை, பழுது கசெட்டில் இல்லை. நாரந்தனையில் நடந்த மாமாவின் கல்யாண வீடியோவைக் கணினியில் பதிந்தபோது படம் விட்டுவிட்டு ஓடியது. வாசலில் நின்ற அப்பா அடுத்த கணம் பந்தலுக்குள் இருந்தார். இடையில் நடையே இல்லை. அப்பா இறந்தபோது தங்கை கைக்குழந்தை. கனடாவிலிருந்து அவள் கேட்டது அந்த நடையைத்தான். உடனே பார்க்கட்டும் என்று, பதியப் பதிய இணையத்தில் அவளுக்குப் போகும்படி விட்டிருந்தேன்.

“ரெண்டையும் ஒண்டாச் செய்ய இந்தக் கொம்பியூட்டருக்கு ஏலாது போல,” என்றேன் தொலைபேசியில்.

“அனுப்புறதை நிப்பாட்டு அக்கா. இவ்வளவு காலம் இருந்தனான், இன்னும் கொஞ்ச நேரம் இருக்க மாட்டனே?”

நிறுத்திவிட்டு, கசெட்டைப் பின்னோக்கிச் சுற்றி மறுபடி பதிந்தேன். அப்பா பந்தல்வரை முழுதாக நடந்தார், இடது தோளைச் சற்றுச் சரித்தபடி. தங்கையும் அப்படித்தான் நடப்பாள். அவளுக்கு அது தெரியாது.

அவள் பொறுத்ததால்தான் இது கிடைத்தது. வீடியோவை அவளுக்கு அனுப்பப் போட்டுவிட்டு, கணினியை அணைக்காமல் படுக்கிறேன்.