லட்டு விரல் நக்கிய ஞாயிற்றுக்கிழமை

மைனி,

காலையிலிருந்து நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன், என் வலது கை விரல்களை விட்டுப் பால் வாடை போகவில்லை. போகவும் வேண்டாம். செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலையே வெடித்துவிடும். லட்டுவின் மகள் இரட்டைக் கன்று ஈன்றிருக்கிறாள். இரண்டும் கிடாரி! ஒன்றை மட்டும் நக்கிக் கொடுத்து மடியில் விட்டுக்கொண்டாள். மற்றதைக் கிட்டவே சேர்க்கவில்லை, முட்டித் தள்ளுகிறாள். ஆகவே தள்ளப்பட்டவளுக்கு இனி நானும் என் பாட்டிலும்தான். இன்று காலை அவள் என் விரல்களைப் பிடித்துச் சப்பத் தொடங்கியதும், அந்தச் சொரசொரப்பில் எல்லாம் மறந்துபோய், உங்களைக் கூப்பிட பம்புசெட் பக்கம் திரும்பிவிட்டேன். நீங்கள் போய்ப் பத்து மாதம் ஆகிறது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அந்த முதல் ஞாயிற்றுக்கிழமையும் நீங்கள் பம்புசெட் பக்கம்தான் இருந்தீர்கள். நாங்கள் ஹைதராபாத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. விமானங்கள் எல்லாம் பேகம்பேட்டில் இறங்கிக்கொண்டிருந்த காலம். பாளையங்கோட்டையில் யார் வீட்டில் விசாரித்தாலும் ஒரு பிள்ளை இங்கே கம்ப்யூட்டர் வேலையில் இருந்தான். உங்கள் தம்பியும் அப்படி வந்தவர்தான். திருமுல்கேரியில் வாடகைக்கு வீடு பிடித்து, என்னையும் ஐந்து வயது மகளையும் அழைத்துக்கொண்டார். நீங்களோ முப்பது வருஷ ஹைதராபாத். காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸில் அண்ணாச்சியோடு குடித்தனம் நடத்திவிட்டு, அவர் காலமானதும், மேட்சல் தாண்டி இருவரும் வாங்கிப் போட்டிருந்த இரண்டு ஏக்கரில் மூன்று மாடுகளோடு போய் உட்கார்ந்துகொண்டவர். நம் ஊர்ப் பேச்சுக்கு நடுவே உங்களுக்குத் தெலுங்கும் உருதுவும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து போகும். புரியாததைக் கேட்க வெட்கப்பட்டு, நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டி வைப்பேன்.

அந்த வருஷம் உங்களுக்கு இரண்டு கன்றுகள் அடுத்தடுத்துப் போயிருந்தன. மூன்றாவது பிறந்த அன்றே தாய் மாடும் இறந்துவிட்டது. கறந்து வைத்த கொஞ்சம் சீம்பாலை எப்படியோ உள்ளே இறக்கிவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒன்றரை நாளாக அது பாட்டிலை வாயில் வாங்கவே இல்லை. நாங்கள் வந்து இறங்கியதும் தம்பியிடம் சொன்னீர்கள்: “இதுவும் போச்சுன்னா தொழுவத்தப் பூட்டிட்டு உங்ககூட வந்துருதேன். இனிமே எனக்குத் தெம்பு இல்லல.” உங்களை அப்படிப் பார்த்ததே இல்லை என்று அவர் பிறகு என்னிடம் சொன்னார்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. நீங்கள் எங்களோடு வந்துவிட்டால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் ஆயிற்று, நானும் மாதாப்பூரில் ஒரு வேலைக்குப் போகலாம் என்று மனசு அதற்குள் பஸ் ஏறிவிட்டது. எவ்வளவு கெட்ட புத்தி பாருங்கள். அந்தக் கன்று பக்கத்தில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, எனக்கு அதன் கண்ணைப் பார்க்கவே கூச்சமாகிவிட்டது.

மோட்டார் போடப் போகும்போது, சும்மா பார்த்துக்கொண்டு இரு, ஒன்றும் செய்யாதே என்றுதான் சொல்லிப் போனீர்கள். நான் சும்மா இருப்பேனா? பாக்கெட் பாலைத் தவிர வேறு பாலைக் கண்டறியாதவள்தான், ஆனால் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறேனே என்ற மிதப்பு. வைக்கோலில் காலை நீட்டி உட்கார்ந்தேன். கன்றின் தலையைத் தூக்கி மடியில் மல்லாத்திப் போட்டுக்கொண்டேன். பாட்டிலின் ரப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு, கைப்பிள்ளைக்குச் சங்கில் பால் புகட்டுவது மாதிரி கடைவாயில் ஊற்றப் பார்த்தேன். அது இருமியது. நான் விடவில்லை, மறுபடி சாய்த்தேன்.

அப்போதுதான் உங்கள் குரல் வந்தது. மோட்டார் சத்தத்தையும் மீறி, “நக்கோ! ஏட்டி, நக்கோ நக்கோ!”

மைனி, சத்தியமாக நான் என்ன நினைத்தேன் தெரியுமா? நக்க வைக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். இவ்வளவு எளிய விஷயம் எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று பாட்டிலைக் கீழே வைத்தேன், கன்றை நிமிர்த்தி உட்கார்த்தினேன், உள்ளங்கையில் பாலை ஊற்றி அதன் மூக்குக்குக் கீழே நீட்டினேன். முதலில் முகர்ந்தது. பிறகு நாக்கு வந்தது. பிறகு என் இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்து அது சப்பிய வேகத்தில் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மாதாப்பூராவது வேலையாவது, ஊரையே கூட்டுகிற மாதிரி கத்தினேன்.

நீங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்து, திட்டுவதற்குத் திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டீர்கள். ரப்பரைத் தேடி எடுத்து, கழுவி மாட்டி, என் இரண்டு விரலுக்கும் நடுவே நைசாகச் செருகினீர்கள். விரலை மெல்ல உருவச் சொன்னீர்கள். பாட்டில் கடகடவென்று இறங்கியது. வாலை ஆட்டியது மைனி, அந்தக் கன்று வாலை ஆட்டியது. உங்கள் தம்பி வேலிப் பக்கம் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். மகள் அந்த இடத்திலேயே அதற்கு லட்டு என்று பெயர் வைத்துவிட்டாள்.

“எங்கட்டி படிச்ச இந்த வித்தய?” என்று கேட்டீர்கள். வழக்கம்போலத் தலையாட்டினேன். அவ்வளவுதான், நான் பெரிய கைராசிக்காரி ஆகிவிட்டேன். கால்நடை டாக்டரிடம், பால் எடுக்க வருகிறவரிடம், பக்கத்துத் தோட்டத்து ரெட்டியம்மாவிடம் என்று ஒருவரையும் விடாமல், தம்பி பெண்டாட்டிக்குக் கன்று வளர்க்கும் கை என்று சொல்லி வைத்தீர்கள்.

அந்தப் பெருமை மூன்று வாரம் நீடித்தது. ஒரு சாயங்காலம் உப்புமாவை நீட்டியபோது மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நக்கோ” என்றாள். நக்குவதற்கு இது என்ன ஐஸ்கிரீமா என்று அதட்டினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, “நக்கோ அண்டே வத்து, அம்மா” என்று தெலுங்கில் பாடம் நடத்தினாள். வத்து என்றால் வேண்டாம் என்பது மட்டும் அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. கரண்டியும் கையுமாக நின்றேன். ஊற்றாதே, நுரையீரலில் ஏறிவிடும், வேண்டாம் வேண்டாம் என்றல்லவா நீங்கள் கத்தியிருக்கிறீர்கள்.

சனிக்கிழமை வந்து ஒப்புக்கொண்டேன். நீங்கள் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் மாடுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. மூச்சு வாங்கியபடி கேட்டீர்கள்: “அப்போ நான் கைக்கு கைக்குன்னு கேக்கும்போதெல்லாம் நீ உள்ளங்கையத் திருப்பித் திருப்பிப் பாத்தியே, அதுக்குத்தானாட்டி?” கைக்கு என்றால் ஏன் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆமாம் என்பதற்கு “ஹவ்” என்றேன். நான் பொருள் தெரிந்து பேசிய முதல் ஹைதராபாத் வார்த்தை அதுதான். அன்று முதல் நம் தொழுவத்தில் கன்றுக்கு விரல் நீட்டும்போதெல்லாம் நீங்களே “நக்கோ” என்றுதான் சொன்னீர்கள். மகள் தப்பு தப்பு என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

லட்டு பிழைத்தாள், நீங்கள் எங்களோடு வரவில்லை. மகளுக்கு முழுநாள் பள்ளிக்கூடம் ஆனதும் நான் வேலைக்குப் போனேன். விடுமுறை முழுக்க அவள் உங்களோடு சாணியில் புரண்டாள். உங்கள் தம்பி மட்டும் விடவில்லை. தனியாக எதற்கு, எங்களோடு வந்துவிடு அக்கா என்று வாராவாரம் கேட்டார். நீங்கள் ஒருநாளும் வரமாட்டேன் என்று சொன்னதில்லை. “இந்தக் கன்னு பால் மறக்கட்டும்ல, வாரேன்” என்பீர்கள். அவரும் சரி என்று நிம்மதியாகக் காரை எடுப்பார். ஒன்று பால் மறப்பதற்குள் அடுத்தது ஈன்றுவிடும். கம்பெனியில் அத்தனை பேருக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிற மனுஷன், எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட அதைக் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியும் என்பது உங்களுக்கும் தெரியும். அவர் தலைக்கு மேலாக என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பீர்களே, அதற்காகவே நான் அந்தப் பேச்சு வரும்போது பக்கத்தில் வந்து நிற்பேன். நினைத்தபடி உங்கள் தொழுவத்துக்குப் பக்கத்திலேயே கடைசி வரை இருந்தீர்கள். எனக்கு அது போதும்.

நீங்கள் போனதிலிருந்து மாடுகளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். இன்று சாயங்காலம் அவரும் வந்தார். இரட்டைக் கன்றைப் பார்த்துச் சிரித்தார், பிறகு தொழுவத்தைச் சுற்றிப் பார்த்துக் கண் கலங்கினார். அக்காவே இல்லை, இனி இந்த மாடுகளை யாருக்காக வைத்திருப்பது, நல்லவர்கள் யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் பாட்டிலைக் கழுவிக்கொண்டே, “இந்தச் சின்னவ பால் மறக்கட்டும், பாப்போம்” என்றேன்.

சரி, மூன்று மாதம் என்று தலையாட்டிவிட்டுப் போனை எடுத்துத் தேதியைக் குறித்துக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்று புல் தின்றுகொண்டிருந்த செவலைக்கு ஆறு மாதச் சினை.