வராதவர்கள் எங்கே போகிறார்கள், மதினி?

என் பிரியமான ராக்காயி மதினிக்கு,

அண்ணனுக்குப் பக்கத்தில் உங்களைப் படுக்கவைத்தோமே, அந்த மேட்டில் ஒரு கறிவேப்பிலைக் கன்று தானாக முளைத்திருக்கிறது. யார் போட்ட விதையோ? நீங்களாக இருந்தால் ஊரெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் அடுப்படிக்கே போவீர்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து இது, பார்த்துப் படித்துக்கொள்ளுங்கள். உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும்.

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த வருஷம் தெமோதரை ஸ்டேஷன் பக்கத்தில் நான் தேத்தண்ணிக் கடை போட்டது நினைவிருக்கிறதா? என் வீட்டுக்காரர் போனபின், கொழுந்து பறிக்க மலை ஏறமுடியாத முழங்காலோடு போட்ட கடை. சுட்ட வடை ஆறிப்போய்க் கிடக்கும். தோட்டத்து ஆட்களையெல்லாம் மேய்த்து, வேலையிலிருந்து நின்றுவிட்ட பெரிய கங்காணி மட்டும் தினமும் வந்து, இருந்த ஒரே பெஞ்சில் தலைப்பாகையோடு நடுவில் உட்கார்ந்துவிடுவார். அவரே வருகிற கடை என்று எனக்குத் தலைகால் புரியாத பெருமை. ஆனாலும் கடையை மூடுகிற நிலை வந்தபோதுதான் நீங்கள் ஹாலிஎலையிலிருந்து வந்தீர்கள்.

மற்றவர்கள் எல்லோரும் புத்தி சொன்னார்கள். வடைக்கு இஞ்சி போடு, வாசலில் எலுமிச்சம்பழம் கட்டு என்றார்கள். நீங்கள் அரிசி மூட்டையின் மேல் ஒரு காலை முழுதும் சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

"ஏண்டி வள்ளி, இங்க வராதவங்கல்லாம் இந்த நேரத்துல எங்க போறாங்க?"

"எனக்கெப்படித் தெரியும் மதினி? வர்றவங்களைத்தான் தெரியும்."

"எனக்கும் தெரியலையே," என்று எழுந்து, கொழுந்துக் கூடையோடு போன பெண்களின் பின்னால் போய்விட்டீர்கள். திரும்பி வந்தபோது சேலையெல்லாம் ஒட்டுப்புல்.

"கடைக்குப் பின்னால குறுக்குப் பாதையில போறாளுக. கங்காணி உக்காந்திருக்கிற எடத்துல எவடி நின்னு தேத்தண்ணி குடிப்பா?"

"அப்ப அவரை வராதீங்கன்னு சொல்லவா? பாவம்."

"ஏன்? அவரு முன்னால இருக்கட்டும். நீ பின்னால தகரத்த வெட்டி ஒரு சன்னல் வையி."

வெட்டினேன். அந்த ஜன்னலால்தான் இன்றுவரை கடை நடக்கிறது. கங்காணி சாகும்வரை, "ஆளே இல்லாம ஒனக்கு எப்படி வள்ளியம்மை பால் தீருது?" என்று கேட்டபடியே இருந்தார்.

இப்போது நம் பாக்கியத்தின் சேதி. என் பேத்தி எட்டாம் வகுப்பு முடித்தவள், நம் குடும்பத்தில் அவ்வளவு தூரம் போனவள் அவள் ஒருத்திதான். பகலில் சின்னப் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பராவில், சாயங்காலம் லயத்து வரிசை வீட்டுப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். முதலில் அறை நிறைந்தது. பிறகு ஒவ்வொருத்தியாக நின்றார்கள். கடைசியில் ஒருத்தியைத் தவிர வெறும் அறை. "தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல வாங்குன சிலேட்டையெல்லாம் சனிக்கிழமை திருப்பிக் குடுத்துட்டு மூடிர்றேன்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத்தான் விடை தெரியுமே! முன்வரிசையில் கணக்கப்பிள்ளையின் மனைவி உட்கார்ந்திருந்தாளா, அவளைப் பின்னால் தள்ளி, பக்கக் கதவையும் திறக்கவைத்தேன். ஒரு ஈ காக்கை வரவில்லை.

"அப்பாயி, ஒங்க கடை வேற, என் பள்ளிக்கூடம் வேற," என்றாள் சுருக்கென்று. உங்கள் வாய் அவளுக்கு எப்படி வந்தது?

மறுநாள் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொட்டும் பீலிக்குப் போய் உட்கார்ந்தேன். வகுப்பிலிருந்து நின்றுவிட்ட முத்தாயி வந்தாள். அந்த நேரத்தில் எங்கேயம்மா போகிறாய் என்று கேட்டேன்.

"எங்கயும் போறதில்லீங்க, லயத்துலதான் இருக்கேன்." குடம் நிரம்பியதும் எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "எம் மகன் மூணாம் வகுப்புங்க. வகுப்பு நேரத்துல சன்னல்ல நின்னுக்கிட்டு, 'அம்மா, ஆவன்னாவுக்கு வால் எங்க?'ன்னு கத்துறான். அவன் கூட்டாளிங்க எல்லாம் கெக்கேன்னு சிரிக்குதுங்க. நான் அவனுக்குச் சோறு போடுறவ. மூஞ்சிய எங்க வச்சுக்கிறது?"

இதைப் பாக்கியத்திடம் சொன்னேன். யோசித்தாள்.

"அப்பாயி, ஞாயித்துக்கிழம பொம்பளைங்க விறகுக்குப் போறப்ப புள்ளைங்க கூட வருமா?"

"தெரியலையே," என்றேன். சொன்ன பிறகுதான் அது உங்கள் சொல் என்று உறைத்தது.

போய்ப் பார்த்தாள். அந்த ஏற்றத்துக்குப் பிள்ளைகள் வருவதில்லை. விறகைக் கட்டி வைத்துவிட்டு, சவுக்கு மரத்தடியில், குச்சியால் மண்ணில் எழுதினார்களாம். முத்தாயி தன் பெயரை எழுதிவிட்டு, அதை மிதித்துவிடாமல் சுற்றி நடந்து போனாளாம். சிலேட்டுகள் திரும்பிப் போகவில்லை, எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன.

நான் கேட்க வந்தது இதுதான். அன்று அரிசி மூட்டையின் மேல் இருந்தபோது உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா? தெரிந்துகொண்டுதான் கேட்கிறீர்கள், நாத்தனாரிடம் விளையாடுகிறீர்கள் என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். தெரிந்திருந்தால் சேலையில் ஒட்டுப்புல் ஏன் ஒட்டியிருக்கப்போகிறது?

உங்கள் ஹாலிஎலையில் ஒரு சிங்களத் தம்பி பாண் ரொட்டிக் கடை போட்டு, சுட்டது விற்காமல் திணறுகிறானாம். திங்கட்கிழமை ரயிலேறிப் போய், அவனுடைய மா மூட்டையின் மேல் உட்காரப்போகிறேன். விடையை மடியில் முடிந்துகொண்டு போகமாட்டேன் மதினி, இது சத்தியம்.

சேலையில் ஒட்டுப்புல்லோடு திரும்பப்போகும்
உங்கள் நாத்தனார்,
தெமோதரை வள்ளியம்மை