பெயருக்கு முன்னால் ஒரு சொல்

காயல்பட்டினம்
12.7.1946

கண்ணியமிக்க மச்சான் அவர்களுக்கு, உங்கள் குல்சும் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் உம்மாவும் மகள் ருகையாவும் சுகம். உங்கள் சுகத்தை அறிய நாலரை வருடமாகக் காத்திருக்கிறேன். தபாலில் போட்ட மூன்று கடிதங்களும் ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டன. அதனால் இதை ரங்கூனுக்குக் கப்பலேறும் காஜா முஹ்யித்தீன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ரங்கூனில் குண்டு விழுவதற்கு முன் நீங்கள் வரைந்து அனுப்பிய பூக்கொடி, புதுப் பள்ளியின் மிஹ்ராபில் ஏறிவிட்டது. இமாம் நிற்கும் மாடத்தைச் சுற்றி வெள்ளைச் சுவரே போதும், பூவைப் பார்த்தால் தொழுகையில் மனம் நிற்குமா என்று உங்கள் கூடப்பிறந்த மூத்த காக்கா மல்லுக்கு நின்றார். பறவை இல்லை, மிருகம் இல்லை, இலையும் மொட்டும்தானே என்று ஜும்ஆ பிரசங்கம் செய்யும் கத்தீபு சொன்ன பிறகுதான் விட்டார். தூத்துக்குடியிலிருந்து மனுவேல் கொத்தனார் வந்து சுதையில் செய்தார். மாதா கோயில்களில் இறக்கை வைத்த சம்மனசுகள் செய்த கை. இங்கே ஒரு கண்கூட வைக்கக் கூடாதென்றதும் மனிதர் கொஞ்சம் தவித்துப் போனாராம்.

தொழுகை தொடங்கும் முன் ஒருநாள் பெண்களைப் பார்க்க விட்டார்கள். முட்டை வெண்கரு கலந்து தேய்த்த சுவர் கண்ணாடியாக மின்னியது. அதில் எனக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது, நீங்கள் நிற்பதுபோல் ஒரு தோளைச் சாய்த்து. திரும்பினேன், தூண்தான் இருந்தது. பயப்படவில்லை மச்சான். இன்னும் கொஞ்சம் திரும்பாமல் இருந்திருக்கலாமே என்று என்மேலேயே கோபம் வந்தது.

இனி என் குற்றத்தைச் சொல்கிறேன். பூக்கொடிக்குக் கீழே, அதை வரைந்தவர் என்று உங்கள் பெயரை அரபு எழுத்தில், நம் அரபுத்தமிழில் பொறிக்க ஜமாஅத்தில் முடிவானது. என் எழுத்து அழகு என்று உங்கள் காக்கா வாசகத்தைத் தந்து, நல்ல காகிதத்தில் எழுதித் தரச் சொன்னார். உங்கள் பெயருக்கு முன்னால் 'மர்ஹூம்' என்று இருந்தது. இறந்தவர்களுக்குப் போடும் அந்தச் சொல்லை விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன். வாயால் ஒருநாளும் சொல்லாத உங்கள் பெயரைக் கையால் எழுதினேன்.

கத்தீபு சுவரைப் படித்ததும் ரகளையாகிவிட்டது. கொத்தனாரைப் பிடித்துக்கொண்டார்கள். "காயிதத்துல கெடந்ததத்தான் அண்ணாச்சி செஞ்சேன். அந்த எளுத்து எனக்கு இன்னொரு கொடி மாதிரிதான்" என்று அழாத குறையாகச் சொன்னாராம். பாவம், அவர் என்ன செய்வார்? நான் செய்ததை ஒப்புக்கொண்டேன். அந்தச் சொல்லைச் சேர்க்க இடமில்லை, முழுவதையும் உடைத்துத்தான் செய்ய வேண்டும். நோன்புப் பெருநாள்வரை பொறுப்பார்கள். அதற்குள் உங்களிடமிருந்து தகவல் வராவிட்டால் சுவரை உடைப்பார்கள், நானும் வெள்ளை உடுத்தி, கணவனை இழந்தவளாக நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும் என்று உங்கள் காக்கா சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு ருகையாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

காஜா முஹ்யித்தீன் உங்களைக் கண்டு இதைக் கொடுத்தால், உடனே ஒரு தந்தி அடியுங்கள். சுகம் என்று மட்டும் இருந்தால் போதும்.

ஒன்றை இங்கே யாரிடமும் சொல்லவில்லை. காகிதத்தில் எழுதியபோது முதலில் அந்தச் சொல்லை நான் விடவில்லை. கை தானாக எழுதிவிட்டது, கொஞ்சமும் நடுங்காமல். அதைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் இரண்டாவது காகிதம் எடுத்தேன். என் கையைப் பொய்யாக்குங்கள் மச்சான். நீங்கள் எங்கே இருந்தாலும், எப்படி இருந்தாலும், அந்த இடத்தை அல்லாஹ் உங்களுக்கு விசாலமாக்கி, வெளிச்சமாக்கி வைப்பானாக.

தங்கள் மனைவி
குல்சும்